ஜோசப் ஹென்றி: 'டக்' சத்தத்தின் சொந்தக்காரர்

கரண்ட் ஏறி இறங்கும்போது வீட்டு ஸ்டெபிலைசருக்குள்ள 'டக்'னு ஒரு சத்தம் வருமே, கவனிச்சிருக்கீங்களா? அதுதான் ரிலே. அதாவது, கை படாமல் மின்சாரமே போட்டு அணைக்கும் சுவிட்ச். அதை முதலில் செய்து காட்டியவர் ஜோசப் ஹென்றி.

1797-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 13 வயதில் கடிகாரக் கடையில் வேலை பழகப் போனார். 16 வயதில் தற்செயலாகப் படித்த ஒரு அறிவியல் புத்தகம் அவரை மாற்றிவிட்டது. 1826-இல் ஆல்பனி அகாடமியில் ஆசிரியரானார். தினமும் ஏழு மணி நேரம் வகுப்பு! ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஆகஸ்ட் மாத லீவு மட்டும்தான். (நாம லீவுல என்ன பண்றோம்னு கேட்காதீங்க!)

கம்பிமேல் பட்டுத் துணி சுற்றி, அடுக்கடுக்காகச் சுருட்டி மின்காந்தம் செய்தார். 1831-இல் அவர் செய்த ஒரு காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. ஒரு மைல் நீளக் கம்பி வழியாக மின்சாரம் அனுப்பி மணியும் அடிக்க வைத்தார்.

ஆனால் கம்பி நீண்டால் மின்சாரம் பலவீனமாகிவிடும். பெரிய வேலை எப்படிச் செய்வது? பிரின்ஸ்டன் கல்லூரிக்குப் போனபின் 1835-இல் இதற்கு வழி கண்டார். தூரத்திலிருந்து வரும் சின்ன மின்சாரம் ஒரு குட்டிக் காந்தத்தை இயக்கும். அது பாதரசக் கிண்ணத்தில் தோய்ந்திருக்கும் கம்பியை வெளியே தூக்கும். உடனே பெரிய காந்தத்தின் இணைப்பு அறுந்து, அது பிடித்திருந்த கனமான எடை 'தொம்'னு கீழே விழும்! மாணவர்கள் முன் இதைச் செய்து காட்டினார்.

காப்புரிமை மட்டும் வாங்கவே இல்லை. தந்தியால் பேரும் பணமும் பெற்றவர் மோர்ஸ். மின்காந்தத் தூண்டலை ஹென்றி தனியாகவே கண்டறிந்தார். ஆனால் ஃபாரடே முந்தி வெளியிட்டுவிட்டார். லீவுக்காகக் காத்திருந்ததால் வந்த நஷ்டம் என்றுதான் எனக்குத் தோணுது. 1846 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராக இருந்து 1878-இல் மறைந்தார். மின்தூண்டலின் அலகுக்கு 'ஹென்றி' என்று பெயர்.

அவருடைய சுவிட்ச் இப்போ எவ்வளவு சின்னதாகியிருக்கு தெரியுமா? 2004-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரே ஒரு கார்பன் நானோகுழாயை வைத்து ரிலே செய்தார்கள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய குழாய் அது. ஒரு முனை பிடிபட்டு, மறுமுனை அந்தரத்தில் நிற்கும். இங்கே காந்தம் கிடையாது. மின்னழுத்தம் கொடுத்தால் மின்னூட்ட ஈர்ப்பில் குழாய் வளைந்து கீழே உள்ள உலோகத்தைத் தொடும். சுவிட்ச் ஆன்! மின்னழுத்தத்தை எடுத்தால் நிமிர வேண்டும். சில சமயம் நிமிராமல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவு சின்னப் பொருளுக்கு ஒட்டும் விசை ரொம்பப் பெரிசு. அதை விடுவிப்பதுதான் இந்தச் சுவிட்ச் செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி.