நீல முள்ளெலிக் கோப்பை

1993-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. இங்கிலாந்தில் உள்ள டானிங்டன் பந்தயத் திடல். மழை விட்டு விட்டுப் பெய்து கொண்டிருந்தது. பாதை முழுவதும் வழுக்கல்.

பார்முலா 1 கார்ப் பந்தயம் தொடங்கியது. நாலாவது இடத்தில் நின்ற ஒரு கார், புறப்பட்டவுடன் ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அதை ஓட்டியவர் கலங்கவில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் முன்னால் சென்ற நாலு பேரையும் தாண்டி முதல் இடத்துக்கு வந்து விட்டார்! பந்தயத்தில் ஜெயித்ததும் அவரே.

வெற்றி மேடையில் அவர் கையில் ஒரு விசித்திரமான பரிசைக் கொடுத்தார்கள். அது ஒரு முள்ளெலி பொம்மை. நீல நிறம். சிவப்புச் செருப்பு. சோனிக் என்று பெயர். ஜப்பான் நாட்டு வீடியோ விளையாட்டுக் கம்பெனியான செகாவின் செல்லப்பிள்ளை அது. அன்றைய பந்தயத்துக்குப் பணம் கொடுத்து ஆதரித்தது செகா கம்பெனிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆண்டு செகா கம்பெனி பணம் கொடுத்து வளர்த்தது வில்லியம்ஸ் கோஷ்டியை. ஜெயித்தவரோ எதிர்க் கோஷ்டியான மெக்லாரனைச் சேர்ந்தவர். பொம்மையை உயரத் தூக்கிக் காட்டினார்.

அவர்தான் அயர்டன் சென்னா.

தடுமாறிய பிள்ளை

சென்னா பிரேசில் நாட்டில், சாவோ பாலோ நகரத்தில், 1960-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி பிறந்தார். தகப்பனார் மில்டன் டா சில்வா வசதி படைத்தவர். கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழில் நடத்தினார். மூத்தவள் விவியானி என்ற அக்காள். தம்பி ஒருவன்.

குழந்தைப் பருவத்தில் அயர்டனுக்குக் கால் தரிக்காது. படி ஏறினால் தடுமாறுவான். கவலைப்பட்ட பெற்றோர் மருத்துவரிடம் காட்டினார்கள். குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

மகனுக்கு 4 வயதானபோது தகப்பனார் ஒரு குட்டி வண்டி செய்து கொடுத்தார். புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றி அதில் பொருத்தினார். ஒரு குதிரைச் சக்திதான். அதில் ஏறி உட்கார்ந்ததும் பையனின் தடுமாற்றம் போன இடம் தெரியவில்லை!

13-வது வயதில் முதல் பந்தயம். ஒரு முறை மழையில் ஓட்டிப் படுதோல்வி அடைந்தான். மற்றப் பிள்ளைகள் என்றால் மழையைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவன் அன்று முதல் மழை வந்தால் போதும், வண்டியை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுவான். தொப்பலாக நனைந்தபடி ஓட்டி ஓட்டிப் பழகினான். டானிங்டனில் உலகம் பார்த்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

டா சில்வா என்பது பிரேசிலில் தெருவுக்குத் தெரு உள்ள பெயர். ஆகவே பந்தயத்துக்காகத் தாயாரின் குடும்பப் பெயரான சென்னாவை வைத்துக் கொண்டார்.

1981-ல் இங்கிலாந்துக்குப் போனார். வெற்றி மேல் வெற்றி. ஆனால் தகப்பனாருக்கு மகன் தொழிலைக் கவனிக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆண்டு முடிவில் பந்தயத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு சென்னா ஊர் திரும்பினார். சில மாதங்கள்கூட மனம் ஒட்டவில்லை. தகப்பனாரும் அதைப் புரிந்து கொண்டார். 1982-ல் மறுபடியும் இங்கிலாந்து.

1984-ல் பார்முலா 1 பந்தயத்தில் நுழைந்தார். 1985-ல் போர்ச்சுகலில் முதல் வெற்றி. அன்றும் மழை! பிறகு 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சாம்பியன். மொத்தம் 41 வெற்றிகள்.

மாசு இல்லாத வாழ்க்கை என்று சொல்ல முடியாது. பிரான்சு நாட்டு வீரர் அலென் புரோஸ்டும் இவரும் கீரியும் பாம்பும். 1989-ல் ஜப்பானில் உள்ள சுசூகாவில் இருவர் கார்களும் மோதின. பட்டம் புரோஸ்டுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அதே சுசூகாவில், முதல் வளைவிலேயே சென்னா தம் காரைப் புரோஸ்டின் கார் மீது மோதினார். பட்டம் சென்னாவுக்கு வந்தது. வேண்டுமென்றே செய்ததாகப் பிறகு அவரே ஒப்புக் கொண்டார். பெரிய வீரருக்கு இது அழகல்ல.

பெயருக்கு ஒரு விலை

ஜப்பானியர்களுக்கு சென்னா என்றால் உயிர். அவர் காரில் இருந்தது ஜப்பானின் ஹோண்டா எஞ்சின். மூன்று உலகப் பட்டங்களையும் அவர் உறுதி செய்தது ஜப்பான் மண்ணில்தான். இந்த மோகத்தை செகா கம்பெனி கவனித்தது.

டெலிவிஷன் பெட்டியில் இணைத்து ஆடும் கார்ப் பந்தய விளையாட்டு அந்தக் கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்தது. 1992-ல் அதன் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே அயர்டன் சென்னாவின் பெயர்!

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது? ஒரு வீரரின் பெயருக்கும் முகத்துக்கும் கம்பெனி ஒரு தொகை கொடுக்கிறது. படத்தை அட்டையில் போட்டு விற்கிறது. வீரர் பணத்தை வாங்கிக் கொண்டு சும்மா இருந்து விடலாம். சென்னா அப்படி இருக்கவில்லை. ஆலோசனைகள் சொன்னார். ஆடும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் சென்னாவின் யோசனை எழுத்தில் வரும். எந்த வளைவில் எப்படித் திரும்புவது, எங்கே வேகத்தைக் குறைப்பது என்று சொல்லிக் கொடுக்கும். உலக சாம்பியனே பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துவது போல!

அந்த விளையாட்டில் மோதினால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. பொத்தானை அமுக்கினால் மறுபடியும் ஆடலாம்.

இமோலா

1994-ல் சென்னா வில்லியம்ஸ் கோஷ்டிக்கு மாறினார். இத்தாலியில் உள்ள இமோலாவில் பந்தயம். ஏப்ரல் 29-ந் தேதி பயிற்சியின்போது பிரேசில் வீரர் பாரிகெல்லோ காயம் அடைந்தார். மறுநாள் ஆஸ்திரிய வீரர் ராட்சன்பெர்கர் மோதி இறந்தார். சென்னா மிகவும் மனம் உடைந்தார். ஆனாலும் மே 1-ந் தேதி காரில் ஏறினார்.

ஏழாவது சுற்று. டாம்புரெல்லோ என்ற வளைவு. முதலாவதாகச் சென்ற சென்னாவின் கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. அன்று மாலை மருத்துவமனையில் அவர் இறந்து விட்டதாக அறிவித்தார்கள். வயது 34.

நொறுங்கிய காருக்குள் சுருட்டி வைத்த ஆஸ்திரியக் கொடி ஒன்று கிடைத்தது. ஜெயித்தால், முந்தின நாள் இறந்து போன வீரருக்காக அதை அசைத்துக் காட்ட வைத்திருந்தார்.

பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. சாவோ பாலோ தெருக்களில் லட்சக்கணக்கான மக்கள் கண்ணீருடன் நின்றார்கள். டாம்புரெல்லோ வளைவை அடுத்த ஆண்டே மாற்றி அமைத்தார்கள். பாதுகாப்பு விதிகள் இறுகின. அதன் பிறகு 20 ஆண்டு காலம் பார்முலா 1 பந்தயத்தில் எந்த வீரரும் உயிர் இழக்கும் விபத்து நடக்கவில்லை.

அக்காள் கட்டிய பள்ளிக்கூடம்

இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு சென்னா அக்காள் விவியானியிடம் ஒரு விஷயம் பேசியிருந்தார். பிரேசிலின் ஏழைப் பிள்ளைகளுக்கு நிரந்தரமாக ஏதாவது செய்ய வேண்டும் என்பதே அது. விவரமாகப் பேச நேரம் இல்லாமல் போயிற்று.

விவியானி மன இயல் படித்தவர். 1994 நவம்பரில் தம்பியின் பெயரால் ஒரு கல்வி நிலையத்தை ஏற்படுத்தினார். கட்டடம் எழுப்பி நூறு பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி அல்ல. அரசுப் பள்ளிகளுக்குள் போய், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் பின்தங்கிய பிள்ளைகளைக் கைதூக்கி விடும் ஏற்பாடு.

பணத்துக்கு எங்கே போவது? தம்பியின் பெயர் இருந்தது. அதுவே முதல்! குட்டி சென்னா என்ற பொருளில் சென்னின்யா என்று ஒரு சித்திரக் கதைப் பையனை, சென்னா உயிரோடு இருந்தபோதே வெளியிட்டிருந்தார்கள். தொப்பி, கைக்கடிகாரம், சித்திரக் கதை, வீடியோ விளையாட்டு என்று சென்னா பெயரைப் போட்டு விற்கும் பொருள்களுக்குக் கட்டணம் வாங்கினார்கள். அது பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று. பெயரைக் கண்ட கண்ட பொருளுக்கெல்லாம் கொடுத்துவிடாமல் காப்பதும் அக்காளின் வேலை ஆயிற்று.

இதற்குள் திரைப் பந்தயம் ஒரு பெருந்தொழில் ஆகிவிட்டது. 2014 மே மாதம் சோனி கம்பெனியின் கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் சென்னாவுக்கு ஒரு நினைவுப் பகுதி சேர்த்தார்கள். அவர் ஓட்டிய சிறு வண்டி முதல் 1985-ம் ஆண்டு லோட்டஸ் கார் வரை அதில் உண்டு. 2017-ல் பார்முலா 1 நிர்வாகமே திரைப் பந்தயத்துக்கு ஒரு சாம்பியன் பட்டம் ஏற்படுத்தியது. 2019-ல் வந்த பார்முலா 1 விளையாட்டின் சிறப்புப் பதிப்பில் சென்னாவையும் புரோஸ்டையும் மறுபடியும் எதிரெதிராக நிறுத்தினார்கள். 2020-ல் கொரோனா நோயால் நிஜப் பந்தயங்கள் நின்றபோது, வீரர்கள் சிலர் வீட்டில் உட்கார்ந்தபடி திரையில் போட்டி போட்டார்கள்.

2021-ல் பிரேசில் நாட்டுக் கம்பெனி ஒன்றே சென்னாவின் வாழ்க்கையை விளையாட்டாகச் செய்தது. போர்ட்டோ அலெக்ரே நகரத்தைச் சேர்ந்த அக்விரிஸ் என்பது அன்று அதன் பெயர். விற்று வரும் பணத்தில் ஒரு பங்கை விவியானியின் கல்வி நிலையத்துக்குத் தருவதாக அது ஒப்புக் கொண்டது.