கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜ்



மாலை வேளையில் தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றின் நடுவே வலையைக் கட்டி, பால்மரம் வெட்டி வந்த களைப்பையும் மறந்து இளைஞர்கள் கைப்பந்து ஆடிய காட்சியை நம் பெரியவர்கள் பலரும் கண்டிருப்பர். வலை கிடைக்காத நாளில் கயிற்றைக் கட்டி ஆடியவர்களும் உண்டு. மலாய் மொழியில் 'போலா தம்பார்' என்று வழங்கும் இவ்வாட்டத்திற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு பந்து, ஒரு வலை, சமமான ஒரு துண்டு நிலம், ஒற்றுமையுள்ள பன்னிருவர் ஆகியவை இருந்தால் போதும். அப்படிப்பட்ட எளிய மண் திடலில் ஆடத் தொடங்கி, கடல் கடந்து இத்தாலி நாட்டிலும் புகழ் நாட்டிய வீரர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் அறிந்து கொள்வோம். அவர் பெயர் ஜிம்மி ஜார்ஜ்.

பிறப்பும் குடும்பமும்

இந்தியாவின் கேரள மாநிலத்தில், கண்ணூர் மாவட்டத்தில், மலையடிவாரத்தில் பேராவூர் என்னும் சிற்றூர் உள்ளது. தெற்கே திருவிதாங்கூரிலிருந்து குடிபெயர்ந்த உழவர்கள் அம்மலைப் பகுதிகளில் காடு திருத்தி, மிளகும் இரப்பரும் பயிரிட்டு வாழ்ந்தனர். இரப்பர் மரத்தோடு நம் முன்னோர்க்கு உள்ள உறவை எண்ணிப் பார்த்தால், அந்த ஊர் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஜொகூர்த் தோட்டங்களில் நம்மோடு வாழ்ந்த மலையாளக் குடும்பங்களையும் நாம் அறிவோம்.

அந்தப் பேராவூரில் 1955ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் ஜிம்மி பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஜோசப், தாயார் மேரி. பிள்ளைகள் பதின்மரில் ஜிம்மி இரண்டாமவர். அவர்களுள் எண்மர் ஆண்கள். தந்தையார் தம் இளமையில் பல்கலைக்கழக அளவில் கைப்பந்து ஆடியவர். தம் மைந்தர்களுக்கு அவரே முதல் ஆசான் ஆனார்.

பிள்ளைகள் ஆடப் போனால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் அக்காலத்திலும் இருந்தனர், இக்காலத்திலும் இருக்கின்றனர். அத்தந்தையோ பிள்ளைகளுடன் தாமும் திடலில் இறங்கினார். எந்நேரத்தில் ஆடுவது, எந்நேரத்தில் படிப்பது என்னும் ஒழுங்கு அவ்வீட்டில் இருந்தது. எட்டு மைந்தரும் கைப்பந்து வீரர்களாக வளர்ந்தனர். அணிக்கு ஆறு பேர் போதுமே! அண்ணன் தம்பியரே ஓர் அணியாகக் களமிறங்கிப் பிற அணிகளை எதிர்த்தனர். ஒரே வீட்டிலிருந்து ஓர் அணி எழுந்ததைக் கண்டு ஊரார் வியந்தனர். 'ஜார்ஜ் சகோதரர்கள்' என்னும் பெயர் கேரளம் எங்கும் பரவிற்று.

ஆட்டத்தின் இயல்பு

ஜிம்மியின் பெருமையை உணர வேண்டுமாயின், இவ்வாட்டத்தின் இயல்பைச் சற்றே அறிதல் வேண்டும். கைப்பந்தை 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் உருவாக்கினார். 1947இல் உலகக் கைப்பந்துச் சம்மேளனம் தோன்றியது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இவ்வாட்டம் முதன்முதலாக இடம்பெற்றது.

ஆடுகளத்தின் நீளம் 18 மீட்டர். அகலம் 9 மீட்டர். ஆடவர் ஆட்டத்தில் வலையின் உயரம் 2 மீட்டர் 43 சென்டிமீட்டர். ஓர் அணி பந்தை மூன்று முறைக்கு மேல் தொடாமல் எதிர்ப்புறம் அனுப்புதல் வேண்டும். முதலாமவர் வரும் பந்தை ஏந்துவார். இரண்டாமவர் அதனை வலையருகே பக்குவமாக உயர்த்திக் கொடுப்பார். மூன்றாமவர் துள்ளி எழுந்து ஓங்கி அடிப்பார். பார்ப்போர் கைதட்டுவது மூன்றாமவர்க்கே. ஆயினும் முன்னிருவரும் தம் கடமையைச் செவ்வனே செய்யாவிடில் மூன்றாமவரின் ஆற்றல் வீணாகும்.

ஜிம்மி ஆடிய காலத்தில் சர்வீஸ் போடும் அணி மட்டுமே புள்ளி பெற இயலும். ஒரு சுற்றுக்குப் பதினைந்து புள்ளிகள். சர்வீஸ் இரு பக்கமும் மாறி மாறிச் செல்லுமேயன்றிப் புள்ளி எளிதில் ஏறாது. அதனால் ஆட்டம் மணிக்கணக்கில் நீள்வதுண்டு. முதல் அடியில் இருந்த வேகம் கடைசி அடியிலும் குன்றாதவனே அந்நாளில் வீரன் எனப்பட்டான்.

ஜிம்மி அடிக்கும் கலையில் வல்லவர். ஓடி வந்து தரையை உதைத்து எழுந்தால், எதிரணியினர் எழுந்து மீண்டும் தரையைத் தொட்ட பின்னரும் அவர் வானில் நிற்பது போலத் தோன்றும். கண் இமைக்கும் நேரந்தான் அது. எனினும், எதிரே இருப்பவர் கைகளின் இடைவெளியை நோக்கி, வெற்றிடம் கண்டு அடிக்க அந்நேரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. இவ்வாற்றல் ஒரு நாளில் வந்ததன்று. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அன்றோ?

வளர்ச்சி

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். 1971ஆம் ஆண்டில், பதினாறு வயதிலேயே ஜிம்மி கேரள மாநில அணியில் இடம்பெற்றார். பின்னர் மாநிலத்திற்காகப் பலமுறை ஆடினார். கல்லூரியில் பயின்றுகொண்டே பல்கலைக்கழக அணிக்கும் ஆடினார். 1974ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் தெகரான் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்பொழுது ஜிம்மிக்கு வயது பத்தொன்பது. அவ்விளம் வயதிலேயே இந்திய நாட்டின் சட்டையை அணிந்து களம் புகுந்தார். 1978இல் பேங்காக்கில் நடைபெற்ற ஆசியப் போட்டியிலும் அவர் ஆடினார்.

1976ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்கவொண்ணாத ஆண்டு. கேரளக் காவல்துறையில் அவருக்குப் பணி கிடைத்தது. இந்திய அரசு விளையாட்டு வீரர்களுக்கு வழங்கும் அர்ஜுனா விருதும் அவரை நாடி வந்தது. அவ்விருது தொடங்கப்பெற்ற 1961ஆம் ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதனைப் பெற்றவர் ஏ. பழனிச்சாமி என்னும் வீரர். அவ்வழியில் வந்த ஜிம்மி இருபத்தொரு வயதிலேயே அவ்விருதைப் பெற்றார்.

கடல் கடந்த வாழ்வு

பணியும் இருந்தது, புகழும் இருந்தது. அத்துடன் மனநிறைவு கொண்டு அவர் ஊரிலேயே இருந்திருக்கலாம். ஆயினும் தம் ஆற்றலின் எல்லை எதுவென அறிய அவர் விரும்பினார். வலிமை மிக்கவர்களோடு மோதினாலன்றித் தன் வலிமை தனக்கே தெரியாது அல்லவா? அதனால் 1979ஆம் ஆண்டில் அபுதாபி சென்று அங்குள்ள விளையாட்டுக் கழகத்திற்கு ஆடினார். அந்நாளில் கேரள மக்கள் ஆயிரக்கணக்கில் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தனர். உழைக்கும் கைகளை நம்பி நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததைப் போன்றதே அதுவும். ஜிம்மியும் தம் கைகளை நம்பியே சென்றார். அக்கைகளில் இருந்த கருவி ஒரு பந்து.

1982இல் அவர் இத்தாலி நாட்டிற்குச் சென்றார். அங்கே கைப்பந்து ஆட்டம் ஊதியம் பெறும் தொழிலாக நடைபெற்றது. உலகின் பல நாடுகளிலிருந்தும் தேர்ந்த வீரர்கள் அங்கே வந்து ஆடினர். ஓர் அணியில் வெளிநாட்டவர்க்கு மிகச் சில இடங்களே உண்டு. அவ்விடத்தைப் பெறுவது அரிது. பெற்றபின் காத்துக்கொள்வது அதனினும் அரிது. மொழி வேறு, உணவு வேறு, பனி கொட்டும் குளிர் வேறு. இவை அனைத்தையும் தாங்கி, அந்நாட்டு மக்கள் தம் வீரராகவே போற்றும்படி ஜிம்மி ஆடினார். ஐரோப்பிய மண்ணில் கைப்பந்தைத் தொழிலாகக் கொண்டு புகழ் பெற்ற முதல் இந்தியர் அவரே. அக்காலத்து உலகின் சிறந்த தாக்குதல் வீரர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்பெற்றார். அவ்வாண்டுகளில் வளர்ந்துகொண்டிருந்த இத்தாலியக் கைப்பந்து, 1990இல் உலக வெற்றிக் கிண்ணத்தையே வென்றது என்பதைக் கருதினால், அவர் எத்தகைய களத்தில் ஆடினார் என்பது விளங்கும்.

வெளிநாட்டு வாழ்வு அவரைத் தாய்நாட்டிலிருந்து பிரித்துவிடவில்லை. 1985இல் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 1986ஆம் ஆண்டு தென்கொரியாவின் சியோல் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது மீண்டும் நாட்டிற்காக ஆடினார். அவ்வாண்டு சீனா முதலிடமும் தென்கொரியா இரண்டாமிடமும் பெற, வலிமைமிக்க ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளி இந்தியா வெண்கலப் பதக்கம் வென்றது. 1958இல் வெண்கலமும் 1962இல் வெள்ளியும் பெற்றிருந்த இந்தியா, இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பதக்கம் இது. அதே போட்டியில்தான் கேரளத்தின் ஓட்ட வீராங்கனை பி.டி. உஷா நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார்.

ஒரு குறை மட்டும் ஜிம்மியின் வாழ்வில் எஞ்சியது. இந்தியக் கைப்பந்து அணி ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றதில்லை. அதனால் உலகின் மிகப் பெரிய அவ்வரங்கில் அவர் தோன்ற இயலாமற் போயிற்று. ஒரு வீரன் எத்துணை உயரம் எழுந்தாலும் அணி முழுவதும் எழுந்தாலன்றி அவ்வரங்கின் கதவு திறவாது. இது குழு ஆட்டத்தின் நியதி.

எதிர்பாராத முடிவு

ஆற்றலும் புகழும் நிறைந்திருந்த அவ்வேளையில், யாரும் எண்ணாத துயரம் நேர்ந்தது. 1987ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இத்தாலியில் நிகழ்ந்த கார் விபத்தில் ஜிம்மி உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டே. எண்மராய் நின்ற சகோதரர் அணியில் ஓர் இடம் வெறுமையாயிற்று. கேரளம் கண்ணீர் வடித்தது. இத்தாலியில் அவர் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்தோரும் கலங்கினர்.

எனினும் அவர் பெயர் மறையவில்லை. திருவனந்தபுரத்தில் உள்ள பெரிய உள்விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தாலியில் மொந்திகியாரி என்னும் ஊரில் உள்ள விளையாட்டரங்கும் 'பலாஜார்ஜ்' என அவர் பெயராலேயே வழங்குகிறது. அயல்நாட்டான் ஒருவனுக்கு ஓர் ஊர் மக்கள் இத்தகைய சிறப்புச் செய்வது எளிதில் நிகழ்வதன்று. அபுதாபியில் அவர் நினைவாகக் கைப்பந்துப் போட்டிகள் நடத்தப்பெற்று வந்துள்ளன. கேரளத்தின் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு அவர் பெயரால் விருதும் ஏற்படுத்தப்பட்டது. அவர் குடும்பத்தின் விளையாட்டு மரபும் தொடர்ந்தது. அவருடைய இளவல் ராபர்ட் பாபி ஜார்ஜ் பயிற்றுநராக விளங்கி, தம் துணைவியார் அஞ்சு பாபி ஜார்ஜைப் பயிற்றுவித்தார். அவ்வம்மையார் 2003ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வென்றார். உலகத் தடகளப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. பேராவூரில் ஒரு தந்தை தொடங்கி வைத்த பயிற்சி எவ்வளவு தொலைவு சென்றது பாருங்கள்!

நாம் பெறும் பாடம்

விளையாட்டு சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. வயிற்றுப்பாட்டிற்காக விடியுமுன் எழுந்து உழைப்பவர்க்கு அவ்வாறு கேட்க உரிமையும் உண்டு. ஜிம்மியைப் போல விளையாட்டாலேயே வாழ்வு பெறுவோர் இலட்சத்தில் ஒருவரே என்பதை நாமும் மறைக்க வேண்டியதில்லை. அதனால் படிப்பைக் கைவிட்டு ஆடுமாறு எவர்க்கும் கூறுதல் தகாது. ஆனால் நேரந்தவறாமை, தோல்வியைத் தாங்கும் உள்ளம், பிறர்க்கு இடங்கொடுக்கும் பண்பு, உடல் நலம் ஆகியவற்றைத் திடல் கற்பிக்கிறது. இவை எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் சோறு போடும்.

எல்லாரும் ஜிம்மியைப் போல உயரத் துள்ள இயலாது. அதனால் மனம் தளர வேண்டா. பந்தை ஏந்துவோரும், உயர்த்திக் கொடுப்போரும், ஓரத்தில் நின்று பயிற்றுவிப்போரும் ஆட்டத்திற்கு இன்றியமையாதவர்களே. வலையோரம் உயர்ந்த மேடையில் நின்று ஊதல் ஊதும் நடுவர், கோட்டருகே கொடி பிடிப்பவர், புள்ளி எழுதுபவர் ஆகியோர் நேர்மை தவறினால் வெற்றிக்கே மதிப்பில்லை. இன்று பள்ளித் திடலில் புள்ளி எழுதும் சிறுவன் நாளை பன்னாட்டு நடுவராக ஆதல் கூடும். நடுவரின் தீர்ப்பை முகம் சுளிக்காமல் ஏற்பவனே நல்ல ஆட்டக்காரன்.

பத்து பாகாட் வட்டாரத்துத் தோட்டங்களில் பல இன்று உருமாறிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. பழைய திடல்களில் புல் மண்டிக் கிடக்கிறது. ஆயினும் நம் பள்ளியில் திடல் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கின்றனர், பந்தும் வலையும் இருக்கின்றன. பெற்றோர்களே! மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளைகளோடு திடலுக்கு வாருங்கள். பேராவூர்த் தந்தை தம் மைந்தர்க்குத் தந்த பெருஞ்செல்வம் அந்த ஒரு மணி நேரமே ஆகும்.

மாணவர்களே! நன்கு படியுங்கள், நன்கு விளையாடுங்கள், ஓரணியாய் நில்லுங்கள். உயர்ந்த வலையும் உங்கள் முன் தாழும்!