உலகத் தமிழறிஞர்களைக் கோலாலம்பூருக்கு வரவழைத்த தனிநாயகம் அடிகளார்

1964ஆம் ஆண்டு ஜனவரி மாதம் புதுடில்லியில் கீழைநாட்டு ஆய்வாளர்களின் 26ஆவது அனைத்துலக மாநாடு நடந்தது. பல நாட்டுப் பேராசிரியர்கள் தத்தம் சக ஆய்வாளர்களோடு வந்து இறங்கிய அந்த நகரத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் போயிருந்தார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர் தனிநாயகம் அடிகளார்தான் அவர்.

கட்டுரை படித்துவிட்டு, நாலு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மாநாடுகளுக்குப் போகும் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அடிகளாருக்கு ஒரு பழைய மனக்குறை இருந்தது. அத்தகைய மாநாடுகளில் இந்தியா என்றாலே வடமொழி என்ற எண்ணம்தான் மேலோங்கி நின்றது. தமிழ் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

மாநாட்டுக்கு வந்திருந்தவர்களில் தமிழில் ஈடுபாடு கொண்டவர்களை அவரும் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியமும் சேர்ந்து ஜனவரி 7ஆம் தேதி தனியே கூட்டினார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் பிறந்ததுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரான்சின் ழான் ஃபிலியோசா தலைவரானார். பிராகு நகரத்துக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். தமிழுக்கென ஓர் உலக அமைப்பு. அதன் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தமிழர்கள் தமிழைப் புகழ்ந்தால் உலகம் காதில் வாங்காது, பிறர் ஆராய்ந்து சொன்னால் கேட்கும் என்பதை அடிகளார் நன்றாகவே அறிந்திருந்தார்.

அவருக்கே தமிழ் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1913 ஆகஸ்ட் 2ஆம் தேதி யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன்னில் பிறந்தவர். படித்ததெல்லாம் ஆங்கிலக் கல்வி. பிறகு கொழும்பில் குருமடம். அதன்பின் ரோமாபுரியில் இறையியல். அங்கே அவர் எழுதிய ஆய்வேடு கார்த்தேஜ் நகரத்துக் குருமார்களைப் பற்றியது. ஐரோப்பிய மொழிகள் பல கைவந்தன. 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்த பிறகுதான் ஒரு பண்டிதரிடம் அமர்ந்து முறையாகத் தமிழ் பயின்றார். முப்பது வயதை நெருங்கியவர், ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கியவர், மாணவனாக உட்கார்ந்தார். அங்கிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய்ச் சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்தார்.

ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பின்னர் சுற்றிய நாடுகளில் எல்லாம் தமிழைப் பற்றி விவரம் தெரிந்தவர்களைக் காண்பது அரிதாக இருந்தது. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழை அவர் தொடங்கியது அந்தக் குறையைப் போக்கத்தான். போன ஊர்களில் நூலகங்களையும் விடவில்லை. அந்தாம் தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதைத் தேடி எடுத்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபதிப்பாக வெளியிட்டார். அகராதி அச்சேறி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு மறுபிறவி கொடுத்தது நம்முடைய பல்கலைக்கழகம்!

1961இல் அவர் வந்து சேர்ந்த அந்தத் துறைக்கே ஒரு கதை உண்டு. 1950களில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது வடமொழியை முதன்மையாக வைக்கலாம் என்ற பரிந்துரை வந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாகக் கிளர்ந்தெழுந்தார். தமிழ் இடம்பிடித்தது. 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு எளிய உழைப்பாளிகளும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பார்கள்?

டில்லியில் மன்றம் தொடங்கியாயிற்று. முதல் மாநாட்டை எங்கே நடத்துவது? சென்னை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1965இன் தொடக்கத்தில் தமிழகம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. இலங்கையிலோ 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு தமிழ் என்ற சொல்லே அரசியல் ஆகிவிட்டது. கோலாலம்பூரில் அந்தச் சூடு இல்லை. சென்னைக்காரருக்கும் பாரிஸ்காரருக்கும் அது ஒரேபோல அயல்நகரம். விருந்தினராக வந்து இறங்கியவர்கள் உள்ளூர்ச் சண்டையை வாசலில் விட்டுவிட்டு ஆராய்ச்சியைப் பேச முடியும்.

இங்கேயும் நிலைமை அமைதியாக இருந்துவிடவில்லை. சிங்கப்பூர் பிரிந்து ஓராண்டு ஆகவில்லை. இந்தோனேசியாவுடனான மோதல் ஓயவில்லை. சுபாங்கில் புதிய விமான நிலையம் திறந்து எட்டு மாதம் நிரம்பவில்லை. அந்த இளம் தலைநகருக்குத்தான் 1966 ஏப்ரலில் பல நாட்டு அறிஞர்கள் கைப்பெட்டியில் ஆய்வுக் கட்டுரைகளோடு வந்து சேர்ந்தார்கள்.

மாநாட்டைத் திறந்து வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். சென்னை மாகாண முதலமைச்சர் பக்தவத்சலமும் வந்திருந்தார். இதன் பொருள் என்னவென்று அன்றைய தோட்டப்புறத்துத் தமிழரைக் கேட்டால்தான் தெரியும். ரப்பர் மரம் சீவுகிறவர்களின் பேச்சு என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட மொழியை நாட்டின் பிரதமர் முன்னிலையில் வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் இலக்கணம், கல்வெட்டு, வணிகம் என்று பிரித்துப் பிரித்து ஆராய்கிறார்கள். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது சிலருக்குக் குறையாகப் பட்டிருக்கலாம். அடிகளார் நடத்த விரும்பியது திருவிழா அல்ல, கருத்தரங்கு. 1968இலும் 1969இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்த கட்டுரைகளைப் புரட்டினால் அவருடைய எண்ணம் விளங்கும்.

சென்னையில் 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் மாநாடு முழுக்கவே வேறு மாதிரி. அண்ணா முதலமைச்சர், ஊர்வலம், கடற்கரையில் சிலைகள், கட்டுக்கடங்காத கூட்டம். தமிழர்கள் மகிழ்ந்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் பின்னாளில் மாநாடு என்றாலே ஊர்வலம் என்றாகிவிட்டது இங்கிருந்துதான் என்று தோன்றுகிறது. மூன்றாவதை 1970இல் பாரிஸுக்குக் கொண்டு போனார்கள். மறுபடி அயல்நகரம், மறுபடி ஆராய்ச்சி.

நான்காவது 1974 ஜனவரியில் அடிகளாரின் சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில். கோலாலம்பூரில் பிரதமரே வரவேற்றார். யாழ்ப்பாணத்துக்கோ வெளிநாட்டிலிருந்து வர விரும்பிய சிலருக்கு நுழைய அனுமதியே கிடைக்கவில்லை. ஜனவரி 10ஆம் தேதி மாலை வீரசிங்கம் மண்டபத்துக்கு முன் திரண்டிருந்த மக்களைப் போலீசார் கலைக்க முற்பட்டார்கள். மின்கம்பி அறுந்து விழுந்தது. மாநாடு பார்க்க வந்தவர்கள் பிணமாக வீடு திரும்பினார்கள்.

அடிகளார் 1969இலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போயிருந்தார். 1980இல் தந்தை செல்வா நினைவுப் பேருரையில் அவர் எடுத்துக்கொண்ட பொருளும் தமிழாராய்ச்சிதான். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி காலமானார். ஐந்தாவது மாநாட்டுக்காக அறிஞர்கள் மதுரையில் வந்து இறங்கியபோது அவர் மறைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.