எறும்பை ஆராய்ந்த டெலிபோன் ஆபரேட்டர்

சியால்தாவிலிருந்து ராஜாபஜார் பக்கம் போகிற நம்மவர்கள் ஆசார்ய பிரபுல்ல சந்திர ரோடில் போஸ் இன்ஸ்டிட்யூட்டின் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். ஜகதீச சந்திர போஸ் 1917-ல் நிறுவிய ஆராய்ச்சிக்கூடம் அது. அவர் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் அவரால் அங்கே சேர்க்கப்பட்டு, எறும்பையும் சிலந்தியையும் ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த கோபால் சந்திர பட்டாச்சார்யாவை வங்காளிகள்தான் அறிவர்.

பரீத்பூர் ஜில்லாவில் லோன்சிங் என்ற கிராமத்தில் 1895 ஆகஸ்டு முதல் தேதி பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. தகப்பனார் புரோகிதர். பையனுக்கு ஐந்து வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். 1913-ல் மெட்ரிகுலேஷன் தேறிய கோபால், மைமன்சிங்கில் காலேஜில் சேர்ந்தார். பணமில்லாமல் படிப்பை நடுவிலேயே விட வேண்டியதாயிற்று. சொந்த ஊர்ப் பள்ளியில் வாத்தியார் வேலை, பிறகு கல்கத்தாவில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பிழைப்புக்காக ஊரை விட்டு இந்நகரத்துக்கு வந்து, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த நம்மில் பலருக்கு இந்தக் கதை புதியதல்ல.

இரவில் அழுகிய செடிகொடிகளிலிருந்து ஒளி வீசுவதைக் கண்டு, அதுபற்றி 'பிரபாசி' பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அது ஜகதீச சந்திரரின் கண்ணில் பட்டது. 1921-ல் அவரைக் கூப்பிட்டுத் தம் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். பட்டம் இல்லாத ஒருவருக்கு இப்படிக் கதவு திறந்தது அந்நாளிலும் அபூர்வம்தான். இன்று மனுப் போட்டால் முதல் சல்லடையிலேயே போய்விடும்.

எறும்பைப்போல் வேஷம் போடும் சிலந்திகள், மீன் பிடித்துத் தின்னும் சிலந்திகள், கூட்டின் வாயைச் சிறு கல்லால் தட்டி மூடும் குளவி என்று பலவற்றை அவர் பொறுமையாகக் கவனித்து எழுதினார். ஆனால் அவருடைய பெரிய காரியம் முசுறு எறும்பைப் பற்றியது. நம் ஊர் மாந்தோப்பில் ஏறியவர்களுக்கு அதன் கடி மறக்காது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, தம் கூட்டத்துப் புழுக்களை வாயில் கவ்வி, தறியில் நாடா ஓடுவதுபோல் இப்புறமும் அப்புறமும் கொண்டுபோகும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் இலைகள் ஒட்டிக் கூடாகிவிடும்.

இலைக் கூட்டுக்குள் நடப்பதைப் பார்ப்பது எப்படி? ஒளி ஊடுருவும் செல்லோபேன் தாளில் கூடு அமைத்துக் கொடுத்துப் பார்த்தார் கோபால் பாபு. ஒரு புழு ராணியாவதும் உழைக்கும் எறும்பாவதும் பிறப்பிலேயே எழுதி வைத்ததா, அல்லது ஊட்டத்தால் வருவதா என்பது கேள்வி. தேனீக்களில் ராணிப் புழுவுக்குத் தனி உணவு என்பது தெரிந்த விஷயம். முசுறிலும் தீனிதான் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இந்தக் கட்டுரை 1943-ல் போஸ் ஆராய்ச்சிக்கூடத்தின் சொந்த வெளியீட்டில் வந்தது. அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். உலகமெங்கும் யுத்தம், வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சம். கல்கத்தாவில் அச்சான ஒரு வெளியீடு ஹார்வர்டுக்கும் பாரீஸுக்கும் எத்தனை போயிருக்கும்? ஒரு விஞ்ஞானியின் மதிப்பை, அவர் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை தடவை சுட்டினார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் பின்னாளில் வந்தது. அதற்கான அட்டவணை அமெரிக்காவில் 1964-ல்தான் வெளிவரத் தொடங்கிற்று. அந்தக் கணக்குப் புத்தகத்தில் அவர் பங்கு சொற்பம். இங்கிலீஷில் அவர் எழுதியவை இருபத்து சொச்சம் கட்டுரைகள். வங்காளியில் எழுதியவையோ நூற்றுக்கணக்கில். வங்காளிக் கட்டுரையை அந்த அட்டவணை எண்ணாது. குறை எழுதியவரிடமா, எண்ணியவரிடமா என்று கேட்டால், என் ஓட்டு எண்ணியவருக்கு எதிராகத்தான்.

பென்ஸிலின் கலந்த நீரில் வளர்ந்த தவளைக் குஞ்சுகள் வால் உதிராமல் குஞ்சாகவே நின்றுவிடுவதையும் அவர் கண்டு எழுதினார். அதுவும் பெரிதாகப் பேசப்படவில்லை.

1948-ல் சத்யேந்திரநாத் போஸ் தாய்மொழியில் விஞ்ஞானம் பரப்ப வங்கிய விஞ்ஞான பரிஷத்தைத் தொடங்கியபோது உடன் நின்றவர் கோபால் பாபு. அதன் 'ஞான் ஓ விஞ்ஞான்' பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்து நெடுங்காலம் உழைத்தார். பள்ளிப் பிள்ளைகள் காசில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைகளை எழுதினார். வங்காளத்துப் பூச்சிகளைப் பற்றிய அவர் நூலுக்கு 1975-ல் ரவீந்திர புரஸ்காரம் கிடைத்தது.

காலேஜ் படிப்பை முடிக்காத அவருக்குக் கல்கத்தா சர்வகலாசாலை 1981-ல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி, எண்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார்.