ஜகதீச சந்திர போஸ்: அறிவும் கையும் இணைந்த வாழ்வு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல் துறை)

மின்னணுவியல் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை கைபேசியும் கணிப்பொறியுமே. அவற்றினுள்ளே குடியிருக்கும் குறைகடத்தியை எண்ணிப் பார்ப்போர் சிலர். குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் முதன்முதலாக வழங்கப்பட்ட காப்புரிமை ஓர் இந்தியருடையது என்பதை அறிந்தோர் அதனினும் சிலர். அவர் பெரிய தொழிற்சாலையின் அதிபர் அல்லர். பொறியியல் பட்டம் பெற்றவரும் அல்லர். நம் கல்லூரியைப் போன்றதோர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஆசிரியர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

இயற்பியல் படித்து என்ன செய்யப் போகிறாய், பொறியியல் படித்திருக்கலாமே என்று என்னைக் கேட்காத உறவினர் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் அந்தக் கேள்வியில் அக்கறையும் உண்டு; அச்சமும் உண்டு. இயற்பியல் ஒரு வீடு, பொறியியல் மற்றொரு வீடு, இரண்டுக்கும் நடுவே மதில் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த மதில் இல்லாமல் வாழ்ந்து காட்டிய ஒருவரின் கதையைச் சொல்வதே அவர்களுக்கு நான் தரக்கூடிய மறுமொழி.

பிறப்பும் பள்ளியும்

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்டிரேட்டாகப் பணிபுரிந்தவர். அத்தகைய பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதிய காலம் அது. பகவான் சந்திரரோ தாய்மொழியை அறிந்த பிறகே அயல்மொழியை அறிய வேண்டும் என்ற கொள்கையுடையவர். ஆகவே மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே போசின் ஒரு பக்கத்தில் தந்தையின் ஏவலாளரான முஸ்லிம் ஒருவரின் மகனும், மறுபக்கத்தில் மீனவர் மகன் ஒருவனும் அமர்ந்தனர். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தம்முள் விதைத்தன என்று பிற்காலத்தில் போஸ் நினைவு கூர்ந்தார். அப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்தபோது தாயார் வேற்றுமை பாராமல் எல்லோருக்கும் உணவிட்டார்.

தந்தையாரிடம் மற்றொரு நற்குணமும் இருந்தது. பர்த்வானில் கொள்ளைக் காய்ச்சலால் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்காக அவர் ஒரு தொழிற்பட்டறை தொடங்கினார். மரவேலையும் உலோக வேலையும் அங்கு நடந்தன. உளியும் சுத்தியலும் கீழான பொருள்கள் அல்ல என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே போஸ் கண்டுகொண்டார்.

1869-இல் கல்கத்தாவுக்கு வந்து முதலில் ஹேர் பள்ளியிலும், பிறகு செயின்ட் சேவியர் பள்ளியிலும் சேர்ந்தபோது அவர் ஆங்கிலத்தோடு போராட வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் நம்மில் பலருக்கு இந்தப் போராட்டம் புதிதன்று. செயின்ட் சேவியர் கல்லூரியில் லபோன் பாதிரியார் சோதனைகளைச் செய்து காட்டியே இயற்பியலைப் போதித்தார். போசின் நாட்டம் அங்கே உறுதிப்பட்டது.

1880-இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். விடாத காய்ச்சல் அவரை வாட்டியதால் அப்படிப்பைக் கைவிட நேர்ந்தது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் கிறிஸ்து கல்லூரியில் சேர்ந்து இயற்கை அறிவியல் பயின்றார். புகழ்பெற்ற இயற்பியலார் ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884-இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார்.

வாங்காத சம்பளம்

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவருக்கு இயற்பியல் பேராசிரியர் பணி கிடைத்தது. ஆனால் அதில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருந்தது. அதே பணியைச் செய்யும் ஐரோப்பியருக்குத் தரும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு உண்டு. போசின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. ஓர் ஐரோப்பியர் 300 ரூபாய் பெற்றால், அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் போசுக்கு 100 ரூபாய் என்பதே இதன் பொருள்.

போஸ் பணியை உதறவில்லை, கூச்சலிடவும் இல்லை. நாள்தோறும் வகுப்புக்குச் சென்றார், பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! அந்நாளில் அவர் தந்தையார் பொதுநல முயற்சிகளில் பொருளிழந்து கடனில் மூழ்கியிருந்தார். வீட்டில் பணம் தேவைப்படும்போது வரும் பணத்தை மறுப்பது எத்தகைய துணிவு என்பதை, மாதச் சம்பளத்தை எதிர்நோக்கி வாழும் வீட்டில் பிறந்தவர்கள் அறிவார்கள். இறுதியில் நிர்வாகம் பணிந்தது. அவர் பணி நிலையாக்கப்பட்டு, முன்தேதியிட்டு முழுச் சம்பளமும் மொத்தமாக வழங்கப்பட்டது. தந்தையின் கடன் அடைக்கப்பட்டது.

அந்தக் கடின நாட்களில், 1887-இல், அவர் வாழ்க்கைத் துணையாக வந்தவர் அபலா. வங்காளத்திலிருந்து நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் இடையில் நிறுத்த நேர்ந்தவர் அவர். பிற்காலத்தில் பெண்கல்விக்காகப் பெருந்தொண்டு ஆற்றினார்.

ஐந்து மில்லிமீட்டர் அலை

மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணக்கால் கூறியதை ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் 1888-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதனையால் மெய்ப்பித்தார். 1894-இல் ஹெர்ட்ஸ் மறைந்தபின் ஆலிவர் லாட்ஜ் அவர் ஆய்வுகளை விளக்கிப் பேசியது நூலாக வந்தது. அதைப் படித்த போஸ் தமது 36-ஆம் பிறந்தநாளை ஒட்டி ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றை ஒளியைப் போல வளைக்கவும் குவிக்கவும் வேண்டுமானால் ஆளுயர வில்லைகளும் முப்பட்டகங்களும் தேவை. அலையைச் சிறிதாக்கினால் கருவியும் சிறிதாகும் அன்றோ! போஸ் அலைநீளத்தை ஐந்து மில்லிமீட்டர் வரை குறைத்தார். வினாடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி அதிர்வுகள்! மேசை மேல் அடங்கும் கருவிகளைக் கொண்டு எதிரொளிப்பு, விலகல், முனைவாக்கம் ஆகிய ஒளியின் பண்புகள் அனைத்தையும் மின்னலைகளில் காட்டினார்.

இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்த ஆய்வகம் எது? கல்லூரியில் குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிற்றறை. கிடைத்த உதவியாளர் யார்? முன்பயிற்சி ஏதுமில்லாத ஒரு தகர வேலைக்காரர். செலவோ தம் சொந்தப் பணம். அந்தத் தொழிலாளியைப் பழக்கித் தமக்கு வேண்டிய கருவிகளை அவர் செய்துகொண்டார். அலைகளைத் திரட்டக் கூம்பு வடிவப் புனலும், அவற்றைச் செலுத்தக் குழாயும் அங்கே உருவாயின. இன்று நுண்ணலைப் பொறியியல் நூல்களில் கூம்பு அலைவாங்கி, அலைச்செலுத்தி என்று நாம் படிப்பவற்றின் முன்னோடிகள் அவை.

அலைகளை முனைவாக்க அவர் எடுத்துக்கொண்ட பொருளை எண்ணினால் வியப்பு மேலிடும். ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கு இடையே உலோகத் தகட்டை வைத்தார். தகடுகளுக்கு இணையாக அதிரும் அலை தடுக்கப்பட்டது; செங்குத்தாக அதிரும் அலை கடந்து சென்றது. வங்காளத்தில் மலிவாகக் கிடைக்கும் சணலை முறுக்கிக் கட்டி, முனைவாக்கத் தளம் சுழல்வதையும் காட்டினார்.

என் தந்தை மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவர். எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். பாரடே என்ற பெயர் தெரியாது. எனக்குப் பாரடேயின் விதி தெரியும். எரிந்த காயிலைப் பிரித்து மீண்டும் கட்டத் தெரியாது. இவ்வாறு பிரிந்து கிடக்கும் இரண்டு அறிவுகளும் அந்தக் குளியலறை ஓரத்தில் ஒன்றாக அமர்ந்து வேலை செய்தன. அந்தத் தகர வேலைக்காரரின் கை இல்லையேல் போசின் எண்ணம் காகிதத்திலேயே நின்றிருக்கும் என்பது என் துணிபு.

1895-இல் வங்காள ஆசியக் கழகத்தில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அரங்கேறியது. கல்கத்தா நகர மன்றத்தில் நடந்த காட்சியில், அவர் அனுப்பிய கண்காணா அலை சுவர்களைக் கடந்து சென்று தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. 1896-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் நிறுவனத்தில் அறிஞர் அவை முன் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார்.

கலீனாப் படிகம்

அலையை உண்டாக்கினால் போதாது. வந்து சேர்ந்த அலையை உணரவும் வேண்டும். அந்நாளில் உலோகத் துகள்கள் நிறைந்த குழாயே உணர்கருவி. ஒருமுறை அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட்டால்தான் மறுபடி வேலை செய்யும். தட்டாமலே மீளும் கருவியைத் தேடிப் போஸ் பல பொருள்களை ஆராய்ந்தார். இரும்பும் பாதரசமும் கொண்ட ஒரு கருவியைப் பற்றி 1899-இல் ராயல் கழகத்துக்கு எழுதினார். பின்னர் கலீனா என்னும் ஈய சல்பைடு படிகத்தின் மேல் கூரிய உலோக முனையைத் தொடவைத்து, அது மின்னலைகளை நன்கு உணர்வதைக் கண்டார்.

இத்தகைய தொடுமுனைகள் ஓமின் விதிக்குக் கட்டுப்படுவதில்லை. மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிப்பதோடு நிற்பதில்லை. வரைபடம் நேர்கோடாக அன்றி வளைந்து செல்கிறது. அந்த வளைவே அலையை உணரும் ஆற்றலைத் தருகிறது. இந்த ஆண்டு நம் ஆய்வகத்தில் டயோடின் பண்புக் கோட்டை வரைந்தபோது, இத்தகைய வளைகோடுகளை நூறாண்டுகளுக்கும் முன்பே போஸ் வரைந்து வைத்திருக்கிறார் என்ற எண்ணம் எனக்குள் எழுந்தது. வரைபடத் தாளும் பென்சிலும் அன்று முதல் எனக்குப் புதுப்பொருள்களாகிவிட்டன.

விற்க மறுத்த அறிவு

1901-இல் இலண்டனில் தந்தித் தொழில் அதிபர் ஒருவர் அவரை அணுகி, காப்புரிமை எடுத்து இலாபத்தில் பங்குகொள்ளுமாறு வற்புறுத்தினார். போஸ் மறுத்தார். ஆயினும் அன்பர்கள் விடவில்லை. அமெரிக்கரான திருமதி ஓலி புல், சகோதரி நிவேதிதை ஆகியோரின் தூண்டுதலால் கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904 மார்ச் 29-இல் 755,840 என்ற எண்ணுடன் காப்புரிமை வந்தது. அதைக்கொண்டு அவர் பணம் ஈட்ட முயலவேயில்லை.

வானொலியைக் கண்டுபிடித்தவர் போசே என்று மேடைகளில் முழங்குவதுண்டு. அப்படி மிகைப்படுத்த வேண்டிய தேவை இல்லை. கடல் கடந்து செய்தி அனுப்பும் தொழிலை வளர்த்தவர் மார்க்கோனி. அலையின் இயல்பை அறிய முயன்றவர் போஸ். இருவர் நோக்கமும் வேறு.

போஸ் பணத்தை வெறுத்தவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மூன்றாண்டுகள் முழுச் சம்பளத்துக்காகப் போராடியவர் அல்லவா அவர்! உழைப்புக்குரிய கூலியில் ஒரு காசையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கண்டறிந்த உண்மைக்கு வேலி போட மட்டும் மறுத்தார். இந்த இரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும். இலாபம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நிலையான சம்பளம் துணைநின்றது. அத்துணை இல்லாத ஏழை மாணவன் தன் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரினால் அதைக் குறை என்று நான் கூறமாட்டேன்.

பிற்கால வாழ்வு

பின்னர் போசின் கவனம் தாவரங்களின் பக்கம் திரும்பியது. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். அவர் முடிவுகள் சிலவற்றை அறிஞர்கள் ஏற்கவில்லை. கருவிகளின் நுட்பத்தை வியவாதார் இலர். தாய்மொழியில் அறிவியல் எழுதுவதையும் அவர் விடவில்லை. 1921-இல் வெளிவந்த அவ்யக்த என்ற வங்காளி நூல் அதற்குச் சான்று.

1915-இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு தம் பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார்.

நமக்கு ஒரு பாடம்

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவருள் ஒருவரான பிராட்டேன், 1955-இல் குறைகடத்தி ஆய்வின் வரலாற்றை எழுதியபோது, மின்னலைகளை உணரக் குறைகடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போசே என்று ஏற்றுக்கொண்டார். 2012-இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகக் கழகமான ஐ.ஈ.ஈ.ஈ., போசின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை வரலாற்று மைல்கல் என அறிவித்துச் சிறப்பித்தது. ஓர் இயற்பியல் ஆசிரியருக்குப் பொறியாளர்கள் எடுத்த விழா அது! மதில் எங்கே இருக்கிறது?

நண்பர்களே, நம் துறையில் கருவிகள் போதவில்லை என்று நாம் வருந்துகிறோம். அந்தக் குறையைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை; சம்பளத்தைத் தொடாமல் நின்றவர் அதை நமக்குக் கற்பித்திருக்கிறார். கேட்டது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிராமல் இருப்பது நம் கடமை. கால அட்டவணைப் புத்தகத்தைக் கருவியாக்கியவரும் அவரே. ஆய்வகத்தில் மீட்டரின் முள்ளைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு வெளியேறாமல், அந்த மீட்டரைத் திறந்து உள்ளே பார்க்கும் ஆசை நமக்கு வரட்டும். பற்றவைக்கும் கோலைப் பிடிக்க இயற்பியல் மாணவர் கூச வேண்டாம். சமன்பாட்டைக் கண்டு தொழிலாளியின் பிள்ளை அஞ்சவும் வேண்டாம்.