'அங்கன்வாடி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? யார் இந்த தாராபாய் மோடக்?

காலையில் குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற அம்மாக்கள் நம்ம ஊரில் ஏராளம். ஆனால் அந்தப் பெயர் தமிழ் இல்லை. மராத்தியில் 'அங்கன்' என்றால் வீட்டு முற்றம். குழந்தைகள் மையத்துக்கு எதுக்கு முற்றத்தின் பெயர்?

பதில் தாராபாய் மோடக்கின் வாழ்க்கையில் இருக்கிறது. 1892-ல் மும்பையில் பிறந்தவர். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1914-ல் பி.ஏ. முடித்தார். ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வரானார். கௌரவமான பதவிதான். அதை உதறிவிட்டு பாவ்நகர் போனார்.

காரணம், கிஜுபாய் பதேகா. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மாண்டிசோரி முறையில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர். 'மீசை வைத்த அம்மா' என்பது அவருக்குச் செல்லப் பெயர்! 1926-ல் இருவரும் சேர்ந்து 'நூதன் பால சிக்‌ஷண் சங்கம்' தொடங்கினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். மாண்டிசோரி கருவிகள் விலை அதிகம். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி, கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு?

1945-ல் மகாராஷ்டிரக் கடற்கரை கிராமமான போர்டிக்குப் போனார் தாராபாய். உடன் சிஷ்யை அனுதாய் வாக். பாலர் பள்ளி திறந்தாச்சு. ஆனால் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. அப்பா அம்மா விடிந்ததும் வேலைக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது இந்தப் பிள்ளைகள்தான். எப்படி வருவார்கள்?

அதனால் பள்ளியே குடியிருப்புக்குப் போனது. முற்றத்தில் உட்கார வைத்து, முதலில் குளிப்பாட்டி, நகம் வெட்டி, தலை சீவி விடுவார்கள். அப்புறம்தான் பாட்டு, விளையாட்டு, கதை. கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை, இவைதான் கருவிகள். காசு செலவே இல்லை. முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளிதான் 'அங்கன்வாடி'.

1957-ல் பழங்குடி மக்கள் வாழும் கோஸ்பாட் மலைப் பகுதிக்கு வேலை நகர்ந்தது. அங்கே பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். சரி, மேய்ச்சல் நிலத்திலேயே பாடம்! கைக்குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே இடத்தில் இயங்கியதால், தம்பி தங்கையைத் தூக்கி வந்த அக்காக்களும் படிக்க முடிந்தது.

1962-ல் பத்மபூஷன் விருது. 1973-ல் தாராபாய் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1975 அக்டோபர் 2-ல், மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. மையங்களுக்கு வைத்த பெயர், அங்கன்வாடி. இன்று நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் மேல்.