ஏளனமும் ஐயாயிரம் டாலரும்

விண்வெளிப் பயணத்துக்கு வழக்கத்துக்கு மாறான உந்துமுறைகளைத் தேடுவோருக்குப் பொதுப்பணம் தரலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், ராபர்ட் கோடார்ட் தவறாமல் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார். உலகம் சிரித்தது, அவர் வென்றார். ஆகவே கேட்பவருக்கெல்லாம் கொடுங்கள் என்பது வாதம். அவருடைய வாழ்க்கை அவ்வளவு எளிய பாடத்தைத் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

1882-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் பிறந்தவர் அவர். அங்குள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தபடியே ராக்கெட்டை ஆராய்ந்தார். அக்கால வெடிமருந்து ராக்கெட்டுகள் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய 2 சதவீதத்தையே இயக்கமாக மாற்றின. நீராவிச் சுழலிகளில் பயன்பட்ட, குறுகிப் பின் விரியும் குழல்முனையைப் பொருத்தி, அதை 40 சதவீதத்துக்கும் மேல் உயர்த்தினார். காற்று அகற்றப்பட்ட குழாய்க்குள் மருந்தை வெடிக்கச் செய்து, வெற்றிடத்திலும் உந்துவிசை குறைவதில்லை என்று அளந்து காட்டினார். ஆசிரியர் ஊதியத்தில் அதற்கு மேல் செல்ல இயலாத நிலையில்தான் 1916-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு எழுதினார். 1917 தொடக்கத்தில் 5,000 டாலர் கிடைத்தது. நிலவுக் கனவுக்காகத் தரப்பட்ட பணம் அல்ல அது. அவரிடம் அளவீடுகள் இருந்தன. வளிமண்டலத்தின் உயரடுக்குகளுக்குக் கருவிகளை அனுப்புவது என்ற அடக்கமான இலக்கும் இருந்தது.

ஏளனம் பிறகுதான் வந்தது. 1920 ஜனவரியில் அவரது ஆய்வறிக்கை பரவலாகப் பேசப்பட்டபோது, வெற்றிடத்தில் ராக்கெட் உந்தாது என்னும் அடிப்படையே அறியாதவர் என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் நகையாடியது. வெற்றிடச் சோதனையின் முடிவுகள் அந்த அறிக்கையிலேயே இருந்தன. பத்திரிகையில் எழுதும் என் போன்றோர் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

1926 மார்ச் 16 அன்று, ஆபர்ன் ஊரில் உறவினர் ஒருவரின் பண்ணையிலிருந்து உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் எழும்பியது. பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் எரியத் தொடங்கிய பின்னும், எடை குறையும்வரை அது அசையவில்லை. மனைவி எஸ்தரின் கையிலிருந்த படக்கருவியின் சுருள்வில் அதற்குள் ஓய்ந்துவிட்டது. இரண்டரை விநாடிகள், 41 அடி உயரம், அவ்வளவுதான்.

பின்னர் விமானி லிண்ட்பெர்க்கின் பரிந்துரையால் கக்கன்ஹைம் குடும்பம் உதவியது. நியூமெக்சிகோவின் ராஸ்வெல்லில் ஆய்வு தொடர்ந்தது. ஆனால் கோடார்ட் தம் கண்டுபிடிப்புகளைப் பொத்திப் பொத்தி வைத்தார்; பிறரோடு சேர்ந்து உழைக்க மனம் ஒப்பவில்லை. பெருங்குழுவாக உழைத்த ஜெர்மானியர் முந்திச் சென்றனர். இதை ஏளனத்தின் விளைவு என்று மன்னிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1945-இல் அவர் மறைந்தார். 1960-இல், அவருடைய காப்புரிமைகளுக்காக அமெரிக்க அரசு 10 லட்சம் டாலர் வழங்கியது.

எரிபொருளை வெளியேற்றாமலே உந்தும் என்று சொல்லப்பட்ட எம்டிரைவ் நம் காலத்துச் சர்ச்சை. நாசா ஆய்வுக்கூடம் ஒன்றில் சிறு விசை பதிவானது. அது வெப்பத்தால் அளவுகருவியில் நேர்ந்த பிழையே என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினர். அந்தச் சோதனைகளுக்கான செலவை நான் வீண் என்று கருதவில்லை. அளந்து பார்க்கும் முன்பே விண்கலம் கட்டப் பணம் கொடுத்திருந்தால் அப்படிக் கருதியிருப்பேன்.